குசினிக்கு விட்ட மேசன்

முரசுமோட்டை
21.01.2024

அன்புத் தம்பி ஜெயந்தனுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே அத்தான், பிள்ளை சாரங்கா, நான் மூன்று பேரும் சுகம். அங்கே உனக்குக் காய்ச்சல் தடிமன் ஒன்றும் அண்டாமல் இருக்க வட்டப்பளை அம்மாளை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன்.

கையில் போன் இருக்க இவளுக்கென்ன கடிதம் என்று சிரிப்பாய். சிரி. போனில் உன்னோடு கதைப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. "சாப்பிட்டியா?" "ஓம்." "வேலை எப்பிடிப் போகுது?" "ஓம்." வேலை எப்படி என்று கேட்டால் ஓம் என்கிற மனிசனை நான் வேறெங்கும் கண்டதில்லை. பின்னால் யாரோ சிரிக்கிறார்கள், யாரோ பாட்டைக் கூட்டிவிடுகிறார்கள், நீயும் "வைக்கிறன் அக்கா" என்று வைத்துவிடுகிறாய். அந்த வேலைத்தளத் தகரக் கொட்டிலில் பத்துப் பேர் படுக்கிறீர்கள். அத்தனை பேரின் காதும் உன் போனுக்குள்தான் இருக்கும் என்று எனக்கு விளங்குகிறது. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. நெடுங்கேணிச் சந்திக் கடைக்குப் போட்டால் உன் கைக்கு வரும் என்று அத்தான் சொன்னார்.

பொங்கலுக்கு நீ வராததை விடுகிறேன். பாலன் போய் இரண்டு மாதமாகிறது. ஆறேழு வருசமாக நீங்கள் இரண்டு பேரும் ஒரே சுவரில் ஆளுக்கொரு பக்கம் நின்று கல் வைத்தவர்கள். லீவில் வீட்டுக்குப் போன பிள்ளை தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டான். செத்த வீட்டில் நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வந்த சனத்துக்குக் கதிரை அடுக்கினாய், தேத்தண்ணி கொடுத்தாய், பெட்டி தூக்கினாய். எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்த மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாய். அன்று தொடக்கம் எனக்கு நெஞ்சுக்குள் ஒரு பயம் குந்திக்கொண்டிருக்கிறது. அம்மாவும் அப்பாவும் இல்லாத பிறகு எனக்கென்று இருக்கிற இரத்தம் நீ ஒருவன்தான். மறைக்காமல் எழுது.

உன் அக்கா,
நாகேஸ்வரி


நெடுங்கேணி
04.02.2024

அன்பு அக்கா அறிவது,

உங்கள் தம்பி இரண்டு நேரம் சோறும் ஒரு நேரம் பாணும் தின்றுகொண்டு நல்ல சுகத்தோடு இருக்கிறான். அத்தானின் முழங்கால் நோ எப்படி? சாரங்காவைப் படிக்கச் சொல்லுங்கோ. படிக்காவிட்டால் கலவை குழைக்க இங்கே கூட்டிவருவேன் என்று சொல்லுங்கோ.

இங்கே வீட்டுத்திட்டத்தில் பன்னிரண்டு வீடு. காட்டோரம் என்பதால் பகலில் குரங்கு, இரவில் கதிர்காமண்ணையின் குறட்டை. குரங்கு பரவாயில்லை. யதுர்ஷிகா என்று ஒரு பிள்ளையின் வீடும் எங்கள் கையில்தான். புருசன் வெளிநாட்டில். அந்தப் பிள்ளை வாசலுக்குப் பாலை மரத்தில் நிலை அடிப்பித்து வைத்துவிட்டு, "நிலை ஜெயந்தன் அண்ணைதான் வைக்கவேணும்" என்று கதிர்காமண்ணையிடம் பிடிவாதமாகச் சொல்லிவிட்டது. நான் நிலை வைத்த வீட்டுச் சனம் நன்றாக இருக்கிறதாம், எனக்குக் கைராசியாம். அண்ணைக்கு உள்ளுக்குள் எரிச்சல். பெரிய மேசன் அவர் இருக்க, நிலை வைக்கிற ஆளுக்குக் கொடுக்கிற வேட்டியும் வெற்றிலைத் தட்டமும் எனக்கு வரப்போகிறதே.

போன கிழமை வவுனியா ஆஸ்பத்திரியின் மனநலப் பகுதியிலிருந்து தேனுகா என்று ஒரு பிள்ளை வந்தா. பாலனுடைய விசயம் அங்கேயும் எட்டியிருக்கிறது. எங்கள் எல்லோரையும் மரத்துக்குக் கீழே இருத்தி, "ஆம்பிளையள் வாய் திறக்கிறேல்லை, அதுதான் பிரச்சினை" என்றா. உடனே குகதாசன், "மிஸ், பின்னேரம் சாராயம் உள்ள போனா வாய் தானாத் திறக்கும்" என்றான். எல்லோரும் சிரித்தோம். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. "செத்துப்போக நினைவு வருதோ எண்டு நேர கேளுங்கோ. கேட்டதால ஒருத்தரும் அதுக்குப் போகமாட்டினம். கேக்காமல் விடுறதுதான் பிழை" என்று சொல்லிவிட்டு அந்த நினைவு வந்தால் உடனே எடுக்கச் சொல்லி 1926 என்று ஒரு நம்பரும் தந்துவிட்டுப் போனா. அதைக் கொட்டில் தகரத்தில் சோக்குக்கட்டியால் எழுதி வைத்தோம். இப்போது அதன்மேல் யாரோ ஊத்தைச் சேட்டு ஒன்றைக் கொழுவியிருக்கிறார்கள்.

பாலனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவனுடைய பக்கத்துக்கு வேறு ஆள் வந்திருக்கிறான். நல்ல பெடியன், கை கொஞ்சம் மந்தம்.

வேறு விசேசம் இல்லை.

உங்கள் தம்பி,
ஜெயந்தன்


முரசுமோட்டை
20.02.2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எங்களுக்குக் குறையில்லை. அத்தானின் முழங்கால் அரிவு வெட்டுக்கு மட்டும் நோகிறது, கோயில் திருவிழாவுக்கு நோவதில்லை. காலபோகம் வெட்டி முடிந்துவிட்டது. கடைசி மழை கொஞ்சம் கெடுத்துவிட்டதால் நெல் கறுப்பு.

குரங்கைப் பற்றி எழுதினாய், குறட்டையைப் பற்றி எழுதினாய். கடிதத்தைச் சாரங்காவுக்கு வாசித்துக் காட்ட, அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்து இன்னொரு தரம் வாசித்தேன். பாலனைக் கேட்டேன், நீ அவனுடைய பக்கத்துச் சுவரைப் பற்றிப் பதில் எழுதியிருக்கிறாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு இந்தப் பழக்கம். முள்ளிவாய்க்காலால் வந்து முகாமுக்குள் இருந்த காலத்தில் உன் கால் காயத்தில் புழு வைத்திருந்தது. நீ அதை மண்ணுக்குள் புதைத்து வைத்துக்கொண்டு எனக்குப் பகிடி சொல்லிக்கொண்டிருந்தாய். மணம் வந்துதான் நான் கண்டுபிடித்தேன்.

அந்தத் தேனுகாப் பிள்ளை நேரே கேட்கச் சொன்னா என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் கேட்கிறேன். இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. உனக்கும் செத்துப்போகலாம் என்று நினைவு வருகிறதா? இல்லை என்றால் இல்லை என்று எழுது, நான் அம்மாளுக்குப் பொங்குகிறேன். ஓம் என்றால் ஓம் என்று எழுது. பகிடி மட்டும் வேண்டாம்.

உன் அக்கா


நெடுங்கேணி
17.03.2024

அன்பு அக்கா அறிவது,

நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்கவேண்டும். பதில் பிந்தியதற்குக் கோபிக்கவேண்டாம். இரண்டு தரம் எழுதிக் கிழித்தேன்.

வருகிறது, அக்கா.

பாலன் போனதிலிருந்து வருகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அதற்கு முதலே இருந்திருக்கிறது. அவன் போன பிறகு அதற்குத் துணிவு வந்துவிட்டது. காலையில் எழும்ப மனமில்லை. சோறு வாய்க்குள் வைக்கோல் மாதிரிக் கிடக்கிறது. பகிடி மட்டும் நிற்கவில்லை. அது என் வாய்க்குப் பழகிப்போன வேலை, நான் இல்லாமலே நடக்கிறது. லீவுக்குப் போக முதல் பாலனும் நன்றாகப் பகிடி விட்டான். பஸ்ஸில் ஏறும்போது கூட எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டுத்தான் போனான். அதை நினைத்தால் என் வாயைக் கண்டு எனக்கே பயமாக இருக்கிறது.

ஒரு நல்லதும் இருக்கிறது, அதையும் எழுதவேண்டும். கல் வைக்கும்போது அந்த நினைவு வருவதில்லை. நூலைப் பிடித்து, கலவையைப் போட்டு, கல்லை வைத்து இரண்டு தட்டுத் தட்டினால் அந்தக் கல் இருக்கும்வரை எனக்கு வேறொன்றும் இல்லை. பிறகு அடுத்த கல். அப்படித்தான் பின்னேரம்வரை வந்து சேர்கிறேன். உயரத்தில் நின்று வைக்கும்போது இன்னும் நல்லது, கவனம் முழுக்க அதிலேயே போய்விடும். வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் பயப்படுகிறேன். போன ஞாயிறு சும்மா இருந்த சுவரை இடித்துக் கட்டலாமா என்று கேட்டேன். கதிர்காமண்ணை விசரா என்றார்.

தேனுகாப் பிள்ளையிடம் போகத்தான் இருக்கிறேன். வருசப்பிறப்பு முடியட்டும்.

இதை ஒருவருக்கும் சொல்லவேண்டாம். அத்தானுக்கும் வேண்டாம். கொட்டிலுக்குத் தெரிந்தால் நான் மேசன் இல்லை, வருத்தக்காரன், நோயாளி. அதற்குப் பிறகு என்னால் ஏலாது.

உங்களுக்கு எழுதினதில் கொஞ்சம் இலேசாக இருக்கிறது. அதுதான் உண்மை.

ஜெயந்தன்


முரசுமோட்டை
22.03.2024

மதிப்புக்குரிய கதிர்காமநாதன் அண்ணைக்கு,

ஜெயந்தனின் தமக்கை நாகேஸ்வரி எழுதுவது. நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நலமாக வாழ ஆண்டவனை வேண்டுகிறேன். எங்கள் வீட்டுக்கு அத்திவாரம் போட்டவர் நீங்கள். என் தம்பியின் கையில் கரண்டி தந்து மேசன் ஆக்கினவரும் நீங்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

அண்ணை, அவனுக்கும் பாலனுக்கு வந்த நினைவு வருகிறது. தன் கையால் எனக்கு எழுதியிருக்கிறான். ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்றும் எழுதியிருக்கிறான். மூன்று நாளாக அந்தக் கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன். வாய்க்கால் கட்டில் நடந்தாலும் அதே யோசனை, உலை வைத்தாலும் அதே யோசனை. நாளைக்கு ஒன்று நடந்து, எனக்குத் தெரிந்தும் பேசாமல் இருந்தேன் என்று வந்தால் நான் எந்த முகத்தோடு இருப்பேன்?

உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். அவனை உயரத்தில் ஏற விடவேண்டாம். தனிய விடவேண்டாம். உங்கள் கண் அவன்மேல் இருக்கட்டும். உங்களைத் தவிர வேறு ஒருவருக்கும் இது தெரியவேண்டாம். வாசித்ததும் இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு, உங்கள் தங்கச்சி போன்ற
நாகேஸ்வரி


நெடுங்கேணி
02.04.2024

அன்புத் தங்கச்சி நாகேஸ்வரிக்கு,

கதிர்காமநாதன் சொல்ல குகதாசன் எழுதுவது. இங்கு யாவரும் சுகம். உங்கள் சுகமும் அப்படியே ஆகட்டும்.

உங்கள் கடிதம் வந்த நேரம் என் கண்ணாடி மிதிபட்டு உடைந்துபோய்க் கிடந்தது. கிளிநொச்சிக்குப் போய் மாற்ற நேரம் கிடைக்கவில்லை. என்ன அவசரமோ என்று பின்னேரம் வேலை முடிந்ததும் குகதாசனைக் கொண்டு வாசிப்பித்தேன். ஜெயந்தன் அந்நேரம் குளிக்கப் போயிருந்தான். மற்றப் பெடியள் எல்லோரும் கொட்டிலில்தான் நின்றார்கள். பாதி வாசிக்கவே எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. "எங்கட ஜெயந்தனோ அண்ணை?" என்று கேட்டுக் கேட்டு அழுதாங்கள். பாலனை விட்டதுபோல இவனை விடமாட்டோம் என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். கடிதத்தை நீங்கள் சொன்னபடி அடுப்பில் போட்டாச்சு.

நீங்கள் இனி ஒன்றுக்கும் யோசிக்கவேண்டாம். அவனைச் சுவரிலிருந்து இறக்கிக் குசினிக்கு விட்டிருக்கிறேன். கத்தி பிடிக்கிற வேலை வேறு ஆளுக்கு. இவனுக்கு அடுப்பும் தேத்தண்ணியும்தான். சம்பளம் மேசன் சம்பளம், அதில் ஒரு சதமும் குறைக்கமாட்டேன். இரவில் ஆள் மாறி ஆள் முழித்திருக்கிறோம். பகலிலும் எங்கே போனாலும் ஒருவன் கூடப் போவான். பெடியள் தங்கள் சாப்பாட்டில் மீனைக் கூட அவனுக்கு எடுத்து வைக்கிறார்கள்.

அவன் சொன்னதைச் செய்கிறான். நல்ல பிள்ளை.

இப்படிக்கு,
கதிர்காமநாதன்


முரசுமோட்டை
05.04.2024

தம்பி,

நான் பிள்ளையார் பிடிக்கப் போனேன், குரங்காக முடிந்துவிட்டது. கதிர்காமநாதன் அண்ணையின் கடிதம் நேற்று வந்தது. அவருக்கு மட்டும் என்றுதான் எழுதினேன், அம்மாள் அறிய. அவருடைய கண்ணாடி உடைந்தது எனக்கு எப்படித் தெரியும்?

போன் எடுத்தால் நிற்பாட்டி வைத்திருக்கிறாய். என்னை ஏசி எழுது. எதையாவது எழுது.

அக்கா


முரசுமோட்டை
12.05.2024

அன்புத் தம்பிக்கு,

வருசப்பிறப்பும் போய்விட்டது. நீ வரவில்லை, பதிலும் இல்லை. இங்கே எல்லோரும் இருக்கிறோம், சுகம் என்று எழுத மனம் வரவில்லை. உன்னைத் திரும்பச் சுவரில் ஏற்றச் சொல்லி அண்ணைக்கு இரண்டாம் கடிதம் போட்டேன். சிறுபோகத்துக்கு விதைத்துவிட்டோம். வரப்பில் நின்று றோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அத்தான் ஏசுகிறார். தபால்காரன் எங்கள் படலையைக் கடக்கும்போது என்னைப் பார்க்காமலே போகிறான், பாவம், அவனுக்கும் வெட்கமாக இருக்கிறதாக்கும்.

இந்தமுறை வட்டப்பளைப் பொங்கலுக்கு உன் பெயரில் காவடி நேர்ந்திருக்கிறேன்.

அக்கா


நெடுங்கேணி
26.05.2024

அக்கா அறிவது,

சுகம் விசாரித்தமைக்கு நன்றி.

ஏசி எழுதச் சொல்லியிருந்தீர்கள். ஏச எனக்கு ஒன்றுமில்லை. நடந்ததை எழுதுகிறேன். அன்றைக்குக் குளித்துவிட்டு வந்தேன். குகதாசன் தன் தலையணையைக் கொண்டுவந்து என் பாயில் வைத்தான். என் சேட்டைக் கூடக் கேளாமல் போட்டுக்கொண்டு போகிறவன் அவன். அப்போதே விளங்கிவிட்டது.

அவர்களில் பிழை இல்லை. எல்லோரும் அன்பாக இருக்கிறார்கள். நான் வந்தால் பகிடியை நிற்பாட்டுகிறார்கள். மலசலகூடத்துக்குப் போனால் வெளியே ஒருவன் நின்று இருமுகிறான். வெங்காயம் உரிக்கும்போது கண்ணீர் வந்தால் ஓடிவந்து தோளில் கை வைக்கிறார்கள். அடுப்படியில் இருந்தால் சுவர் எழும்புகிற சத்தம் கேட்கும். எவன் கல் வைக்கிறான் என்று தட்டுகிற தட்டிலேயே எனக்குத் தெரியும். என் பக்கத்தில் இப்போது நிற்கிறவன் மூன்று தட்டுத் தட்டுகிறான்.

யதுர்ஷிகாவின் வீட்டுக்கு நிலை வைத்தார்கள். அதற்கு முதல்நாள் அந்தப் பிள்ளையின் தாய் அடுப்படிக்கு வந்தா. "தம்பி, குறை நினையாதேங்கோ. நல்ல காரியம். நிலை வைக்கிற கை..." என்று தொடங்கிவிட்டு முடிக்கவில்லை. நான்தான் "ஓம் அம்மா, விளங்குது" என்று முடித்துவிட்டேன். குகதாசன் நிலை வைத்தான். நான் பிளேன்ரீ கொண்டுபோனேன். என் கையால் அதை வாங்குவதற்கும் அவ யோசித்தா. பிறகு வாங்கிப் பக்கத்தில் வைத்தா, குடிக்கவில்லை.

கிளினிக்குக்கும் ஒருமுறை போனேன். கூட வரவேண்டாம் என்று சண்டை பிடித்துத் தனியப் போனேன். டொக்டர் நல்ல மனிசன், குளிசை தந்தார். தேனுகாப் பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்ன செய்தாலும் வேலையை மட்டும் விட்டிடாதேங்கோ அண்ணை, அதுதான் உங்களைப் பிடிச்சு வைச்சிருக்குது" என்றா. நான் சரி மிஸ் என்று சொல்லிவிட்டு வந்து சோறு வடித்தேன்.

உங்கள் இரண்டாம் கடிதத்துக்குப் பிறகு அண்ணை என்னைத் திரும்பச் சாரப் பலகையில் ஏற்றினார். எனக்குக் கீழே நின்று கலவை தந்த பெடியன் கலவையைப் பார்க்கவில்லை, என் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுடைய பார்வையில் என் கவனம் சிதறி நூல் விலகிவிட்டது. அரை மணித்தியாலத்தில் நானாகவே இறங்கிவிட்டேன். இப்போது கல் வைக்கும்போதும் அந்த நினைவு வருகிறது அக்கா. அது ஒன்றைத்தான் சொல்ல இருந்தது.

காவடி வேண்டாம். முதுகு நோகும்.

ஜெயந்தன்


நெடுங்கேணி
02.07.2024

அன்புத் தங்கச்சிக்கு,

கதிர்காமநாதன் எழுதுவது. கண்ணாடி மாற்றிவிட்டேன், இது என் சொந்தக் கை எழுத்து. கண்ணாடியை முதலே மாற்றியிருந்தால் என்று நினைக்காத நாளில்லை.

நீங்கள் ஆனியில் இங்கே வந்த அன்று, அவன் சாமான் வாங்கச் சந்திக்குப் போய்விட்டான் என்று சொன்னேன். அது பொய். பஸ்ஸால் நீங்கள் இறங்குவதைக் கண்டுவிட்டு யதுர்ஷிகா வீட்டுச் சுவருக்குப் பின்னால் போய் நின்றான். "அண்ணை, அக்காவைப் போகச் சொல்லுங்கோ, என்னால அவவின்ர முகத்தைப் பாக்கேலாது" என்றான். நீங்கள் பின்னேரம்வரை காத்திருந்தீர்கள். அவனும் அங்கேயே நின்றான். உங்களுக்கு அவன் சமைத்த சோற்றைத்தான் போட்டுத் தந்தேன்.

மறுநாள் காலையில் எல்லோருக்கும் தேத்தண்ணி வைத்துவிட்டுப் போய்விட்டான். நாங்கள் தேடாத இடம் இல்லை. போன கிழமைதான் தகவல் கிடைத்தது. வவுனியா ரவுன் நடுவில் ஒரு மாடிக் கட்டடத்தில் நிற்கிறான். குகதாசன் நேரில் கண்டிருக்கிறான். மேசனாக இல்லை, மண் அள்ளிக் கலவை குழைத்துக் கொடுக்கிற கூலியாக. தான் மேசன் என்று அங்கே ஒருவருக்கும் சொல்லவில்லையாம். நன்றாக மெலிந்துவிட்டான். குகதாசனைக் கண்டதும் சீமெந்துப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விட்டானாம். அங்கே அவனோடு யார் படுக்கிறார்கள், யார் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. பக்கத்தில் இருக்கிற கடையின் விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன்.

நாங்கள் அவனைக் கைக்குள் வைத்துப் பொத்தினோம் தங்கச்சி. மூச்சு விட இடம் வைக்கவில்லை. இத்தனை ஆம்பிளைகள் இருந்தும் ஒருவனுக்கும் அது தெரியவில்லை.

கதிர்காமநாதன்


வவுனியா
18.08.2024

அன்பு அக்கா அறிவது,

நான் மிகவும் நலம். நீங்களும் அத்தானும் சாரங்காவும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடைக்கு நீங்கள் போட்ட மூன்று கடிதமும் கிடைத்தன. வேலை கூட என்பதால் உடனே எழுத முடியவில்லை.

இங்கே ஒரு குறையும் இல்லை. மூன்று மாடிக் கட்டடம். முதலாளிக்கு என்னில் நல்ல விருப்பம். பெரிய மேசன் இப்போது நான்தான், எனக்குக் கீழே ஆறு பேர். நெடுங்கேணியில் குரங்கு என்றால் இங்கே முதலாளியின் மச்சான். ஒரு நாளைக்கு நாலு தரம் வந்து மட்டம் சரியா என்று பார்க்கிறார், மட்டக்கோலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு. சாரங்காவுக்குச் சொல்லுங்கோ, சிரிப்பாள்.

சாப்பாடு நன்றாக இறங்குகிறது. நித்திரையும் வருகிறது. கிளினிக்குக்குச் செவ்வாய்க்கிழமைகளில் தவறாமல் போகிறேன். "இனி நீர் எங்களுக்குப் பகிடி சொல்லத்தான் வாறீர்" என்று டொக்டரே சொல்லுகிறார். அந்த நினைவெல்லாம் இப்போது இல்லை. பாலனைக் கூட மறந்தாச்சு. நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்கவேண்டாம், பஸ் ஏறி வந்து அலையவும் வேண்டாம். தீபாவளிக்குப் பார்ப்போம்.

உங்கள் தம்பி,
ஜெயந்தன்


முரசுமோட்டை
01.09.2024

என் தம்பி ஜெயந்தனுக்கு,

உன் கடிதம் கண்டேன். கையெழுத்து உன்னுடையதுதான் என்று கண்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோசம். அதை மறைக்கவில்லை. சாரங்கா மட்டக்கோல் கதைக்குச் சிரித்தாள்.

ஆடி பிறந்ததிலிருந்து, கிளினிக் நடக்கிற செவ்வாய்க்கிழமைகளில் நான் வவுனியாவுக்கு வருகிறேன். கிளினிக் வாசலில் ஒரு நீட்டு வாங்கு இருக்கிறது, அதில் வந்து இருக்கிறேன். முதல்நாள் தேனுகாப் பிள்ளையிடம் உன் பெயரைச் சொல்லி, வருகிறானா என்று கேட்டேன். "ஆர் வருகினம், ஆர் வரேல்லை எண்டு நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை அம்மா, தாயெண்டாலும் சொல்லுறேல்லை" என்றா. முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பிறகு, "இருந்து பாக்கிறதெண்டா இருங்கோ" என்று ஒரு கிளாஸ் தண்ணி தந்தா. கடைசி ஆள் போய்க் கதவு பூட்டும்வரை இருந்து பார்த்தேன். ஒரு செவ்வாயும் நான் தவறவிடவில்லை. நீ ஒன்றுக்கும் வரவில்லை.

உன் கட்டடத்துக்கு எதிரில் இருக்கிற பஸ் தரிப்பிலும் ஒருநாள் நின்றேன். தலைக்குத் துணியைப் போட்டுக்கொண்டு நின்றதால் உனக்குத் தெரிந்திருக்காது. நீ மண் அள்ளிக்கொண்டிருந்தாய். மேலே நின்ற ஒரு சின்னப் பெடியன் கலவை கேட்டு உன்னை "டேய்" என்றான். நீ கொண்டுபோய்க் கொடுத்தாய். அவன் கல் வைப்பதை நீ அண்ணாந்து பார்க்கவும் இல்லை. எனக்கு றோட்டைக் கடக்கக் கால் வரவில்லை. கடந்தால் நீ அங்கிருந்தும் போய்விடுவாய், பிறகு எங்கே தேடுவேன் என்று பயந்து அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

ஆகவே நீ எழுதியது அத்தனையும் பொய். கோபமில்லை. உண்மையை எழுதினால் அக்கா என்ன செய்வாள் என்று நீ ஒருமுறை கண்டுவிட்டாய். அதற்குப் பிறகும் உண்மை எழுத நீ என்ன மடையனா?

எனக்கு இரவு பகலாக ஒரே யோசனை. பேசாமல் இருந்திருக்கவேண்டும் என்று மட்டும் இன்றைக்கும் என்னால் நினைக்க முடியவில்லை. உன் கடிதம் கிடைத்த அன்றே பஸ் ஏறி, உன் கையைப் பிடித்துக்கொண்டு வந்து அந்த வாங்கில் உனக்குப் பக்கத்தில் இருந்திருக்கவேண்டும். அரை நாள் வேலை அது. அதைச் செய்யாமல், உன்னை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு நான் நிம்மதியாகப் படுக்கப் பார்த்தேன். வேலைதான் உன்னைக் காப்பாற்றுகிறது என்று நீ அந்தக் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். நான் முதல் வரியை வாசித்துவிட்டு மிச்சத்தைப் பயத்தோடு வாசித்திருக்கிறேன், அதனால் அது கண்ணில் படவில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்டுப் பிரயோசனமில்லை. நீ மன்னித்தேன் என்று எழுதினாலும் அதை நான் எப்படி நம்புவது?

வருகிற செவ்வாயும் வருவேன். நீ வந்தால் கிட்ட வரமாட்டேன், வாங்கின் மறு அந்தத்தில் இருப்பேன், நீ என்னைத் தெரியாத மாதிரிப் போகலாம். நீ வரமாட்டாய் என்றுதான் என் மனம் சொல்கிறது. இருந்தாலும் வருவேன், வீட்டில் இருந்து என்ன செய்ய?

ஒன்று மட்டும் கேட்கிறேன். எழுதுவதை நிற்பாட்டாதே. பெரிய மேசன் என்று எழுது. கீழே அறுபது பேர் என்று எழுது. முதலாளி தன் மகளைத் தரப்போகிறார் என்று எழுது, நான் சீலை எடுத்து வைக்கிறேன். பொய் எழுதுவதற்கும் ஒரு ஆள் உயிரோடு இருக்கவேண்டும். மாதம் ஒரு பொய் வந்தால் அந்த மாதம் நீ இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். இப்போதைக்கு எனக்கு அவ்வளவுதான் மிச்சம்.

இங்கே எல்லோரும் சுகம். அதுவும் பொய்தான், நீயும் வைத்துக்கொள்.

அக்கா
நாகேஸ்வரி